நான் எடுத்த நாலு ஹியூமானிட்டீஸ் எலெக்டிவ்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இன்ஜினியரிங் காலேஜ் லிஸ்ட்டில் 'பொதுவளங்களின் பொருளியல்' (ஏரி, மேய்ச்சல் நிலம் மாதிரிப் பொதுவானவற்றை எப்படிப் பகிர்ந்து காப்பது என்பது) மாதிரி ஒரு பாடம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். கல்வெட்டியல் இருந்தால் அதையும் எடுங்கள். ஆன்லைன் சைக்காலஜி பரவாயில்லை, நல்லதுதான். நோட்ஸ் சொல்லி எழுதவைக்கிற எத்திக்ஸ் வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு ஜூன் மாசமும் ஜூனியர்கள் "அக்கா, எந்த எலெக்டிவ் ஈஸி?" என்று கேட்பார்கள். நானும் என் சீனியர்களிடம் அதையேதான் கேட்டேன். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை நம்பி ஒரு செமஸ்டரை வீணாக்கியவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சிவில். காஞ்சிபுரம் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இந்த வருஷம்தான் முடித்தேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். சொந்த ஊர் வந்தவாசி பக்கம். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் முக்கால் ஏக்கர் நஞ்சை இருக்கிறது, அதுவும் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வாய்க்கால் முனையில். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

இன்ஜினியரிங்கில் இந்தப் பாடங்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில் (ஏ.ஐ.சி.டி.இ.) 2018-ல் போட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தம் 160 க்ரெடிட். அதில் ஹியூமானிட்டீஸ், சோஷியல் சயின்ஸ், மேனேஜ்மென்ட் எல்லாம் சேர்த்து 12. நாலு வருஷத்தில் கான்கிரீட்டும் மண்ணும் அல்லாமல் மனுஷரைப் பற்றிப் படிக்க நமக்குக் கிடைக்கிற இடம் ஏறக்குறைய இவ்வளவுதான். அதிலும் எதைப் படிப்பது என்று நாமே தேர்ந்தெடுப்பது ஒன்றிரண்டு இடத்தில்தான். அந்த இடத்தை "ஸ்கோரிங் பேப்பர்" என்று சொல்லித் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐந்தாவது செமஸ்டரில் நான் அப்படித்தான் கொடுத்தேன். எத்திக்ஸ் எடுத்தால் உச்ச கிரேடான 'ஓ' நிச்சயம் என்றார்கள், எழுபது பேர் சேர்ந்தோம். சார் வருவார், நோட்ஸ் சொல்லுவார், எழுதுவோம். போபால் விஷவாயு விபத்து அந்தப் பாடத்தில் வந்தது. 1984 டிசம்பர் 2 இரவு, மீத்தைல் ஐசோசயனேட், காரணங்கள் ஐந்து, படிப்பினைகள் ஐந்து. பதிமூன்று மார்க் கேள்விக்கு அது போதும். தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்பதையும் காரணங்களில் ஒன்றாக எழுதிக்கொண்டோம். அங்கே வேலை பார்த்த ஒரு இன்ஜினியர் அன்றைக்கு என்ன செய்திருக்க முடியும், யாரிடம் போயிருக்க முடியும், போயிருந்தால் வேலை என்னவாகியிருக்கும் என்று ஒரு நாளாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. எனக்கு 'ஓ' வந்தது. அந்த நோட்டில் எழுதிய எந்த வரியும் இன்றைக்கு என்னிடம் இல்லை. பாடத்தின் மேல் எனக்குக் குறை கிடையாது. அந்தப் பாடத்தை எழுபது பேருக்கு ஒரே ஹாலில் டிக்டேஷன் ஆக்கியதுதான் குறை.

ஆறாவது செமஸ்டரில் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் வழியாகச் சமூக உளவியல் எடுத்தேன். 12 வாரப் பாடம், 3 க்ரெடிட். வாராவாரம் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய் கட்டினேன். என்னை மாதிரித் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. வீடியோவை நிறுத்தி, திருப்பி ஓட்டி, மூன்றாம் முறை கேட்கும்போது புரிந்தால் போதும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதில் எனக்கு ஒட்டிக்கொண்டது உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-ல் செய்த சோதனை. ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். எந்தக் கோடு அதே நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குழந்தை கூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருக்கிற மற்றவர்கள் எல்லாரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு தப்பான கோட்டைக் காட்டுவார்கள். அப்போது நடுவில் மாட்டிக்கொண்டவர் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொல்லிவிட்டால் போதும், இந்தத் தவறு பெரிதும் குறைந்துவிடும். இதைப் படித்த மறுநாள் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் கிளாஸில் சார் "புரிஞ்சுதா?" என்றார். எல்லாரும் "எஸ் சார்." எனக்குப் புரியவில்லை. கையைத் தூக்கி "இல்ல சார்" என்றேன். உடனே பின் பெஞ்சில் நாலு கை எழுந்தது.

நல்ல பாடம். ஆனால் ஹாஸ்டல் கட்டிலில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் படித்தேன். சமூக உளவியலை இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்து, வாரம் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். இரட்டிப்புப் பலன் கிடைக்கும்.

அதே செமஸ்டரில்தான் கல்வெட்டியல் அறிமுகமும் எடுத்தேன். தொல்லியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா வாரம் இரண்டு நாள் வந்து நடத்தினார். முதல் ஐந்து வாரம் எழுத்து மட்டும்தான். தமிழ் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம், பிறகு சோழர் காலத் தமிழ். பப்ளிக் எக்ஸாமில் தமிழில் 98 வாங்கியவள் நான். போர்டில் இருந்த ஒரு வரியை என்னால் படிக்க முடியவில்லை. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். 'கல' என்று இருந்தால் அது 'கல்' ஆகவும் இருக்கலாம், 'கல' ஆகவும் இருக்கலாம். எ-க்கும் ஏ-க்கும் ஒரே எழுத்து. வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகுதான் நாம் இன்று எழுதுகிற மாதிரிக் குறிலும் நெடிலும் தனித்தனியாகப் பிரிந்தன. ஆகவே சுவரில் 'எரி' என்று இருந்தால் அது தீயா, தண்ணீரா என்று முன்னும் பின்னும் படித்துத்தான் முடிவு கட்ட வேண்டும். நாங்கள் அவசரப்பட்டு ஊகித்தால் ஐயா சொல்லுவார்: "மெதுவா படிங்க. ஆயிரம் வருஷமா நின்ன கல்லு, இன்னும் அஞ்சு நிமிஷம் நிக்கும்."

மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் பிரதி, எடுத்த நாளை மறக்க மாட்டேன். காலேஜிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு சின்னச் சிவன் கோயில். முதலில் தேங்காய் நார் பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்துக் கழுவினோம். எண்ணெய்ப் பிசுக்கும் காரை ஒட்டும் போக அரை மணி நேரம் ஆனது. பிறகு தாளைத் தண்ணீரில் நனைத்துச் சுவரில் ஒட்டி, கெட்டி மயிர் பிரஷ்ஷால் டொப் டொப் என்று அடிக்க வேண்டும். அடி பலமாக விழுந்தால் தாள் கிழியும். லேசாக விழுந்தால் எழுத்தின் குழிக்குள் தாள் இறங்காது. தாள் பாதி காய்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். மேடு எல்லாம் கறுப்பாகும். குழிக்குள் இறங்கிய எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். சுவரில் வெறும் கண்ணுக்கு எதுவுமே இல்லாத இடத்திலிருந்து 'ஸ்வஸ்திஸ்ரீ' எழுந்து வந்தபோது, பக்கத்தில் நின்ற மெக்கானிக்கல் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு "ஏய், வருது, வருது" என்றான்.

குறை என்றால், ஐம்பத்தைந்து பேருக்கு இரண்டு பிரஷ். பலர் பார்த்துவிட்டு மட்டும் திரும்பினார்கள். கடைசிப் பரீட்சையும் அரசர்களின் ஆண்டுகளைக் கேட்பதாக முடிந்துபோனது. எழுத்துப் படிக்கத் தெரிகிறதா என்று ஒரு வரி கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. அப்படியும் இதை எடுக்கச் சொல்கிறேன். இதற்குப் பிறகு எந்தக் கோயிலுக்குப் போனாலும் சுவரோரமாகத்தான் நடப்பீர்கள்.

இனிப் பொதுவளங்களின் பொருளியல். ஏழாவது செமஸ்டர். பத்துப் பேர் சேராவிட்டால் பாடத்தை நிறுத்திவிடுவோம் என்றார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். நான் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சிலபஸில் 'பாசன ஏரிகள்' என்ற ஒரு சொல் இருந்தது.

முதல் வகுப்பில் மேடம் ஒரு பாக்கெட் கடலைமிட்டாயோடு வந்தார். ஐந்தைந்து பேராக உட்காரவைத்தார், மிச்சம் இரண்டு பேர் கணக்கு எழுதினார்கள். நடுவில் 20 மிட்டாய். பேசக் கூடாது. ஒவ்வொருவரும் எத்தனை வேண்டும் என்று சீட்டில் எழுத வேண்டும், அதிகபட்சம் ஐந்து. எடுத்தது போக மிஞ்சியதை அவர் இரட்டிப்பாக்கி வைப்பார், ஆனால் 20-க்கு மேல் போகாது. ஐந்து சுற்று. எங்கள் மேசையில் எழுதியது 5, 4, 5, 5, 4. மொத்தம் 23. இருந்ததே 20. ஆளுக்கு நாலு பிரித்துக் கொடுத்துவிட்டு, "ஏரி வத்திப்போச்சு. அடுத்த சுற்று கிடையாது" என்றார்.

இரண்டாம் ஆட்டத்தில் பேச அனுமதித்தார். ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டோம். ஆளுக்கு இரண்டு எடுத்தால் பத்து போகும், மிச்சம் பத்து, அது மறுபடி இருபது. நாலு சுற்று இப்படி, கடைசிச் சுற்றில் ஆளுக்கு நாலு. மொத்தம் தலைக்கு 12. எல்லாரும் தலையாட்டினோம். மூன்றாம் சுற்றில் ஒரு சீட்டில் மூன்று என்று இருந்தது. மிச்சம் ஒன்பது, அது பதினெட்டு ஆனது. அடுத்த சுற்று முடிந்தபோது எட்டு, பதினாறு ஆனது. கடைசியில் ஆளுக்கு மூன்று எடுத்து ஒன்று மிஞ்சியது. மற்ற நாலு பேருக்கும் 12-க்குப் பதில் 11. மூன்று எழுதிய ஆளுக்கு 12. ஒழுங்காக ஆடியிருந்தாலும் அந்த ஆளுக்கு அதே 12 தான் கிடைத்திருக்கும்.

மூன்று எழுதியது நான். யார் என்று மேடம் கேட்கவில்லை. போர்டில் அந்தக் கணக்கை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்கக் கொடுத்தார். சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968-ல் எழுதிய கட்டுரை முதலில்: பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டை விட்டுக்கொண்டே போவான், நிலம் அழியும், இதற்குத் தீர்வு தனிச்சொத்து அல்லது அரசுக் கட்டுப்பாடு. படித்ததும் எல்லாரும் சரி என்றுதான் சொன்னோம். மிட்டாயில் நாங்களே அதைச் செய்து பார்த்திருக்கிறோமே. அடுத்த வாரம் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அரசியல் அறிவியல் படித்தவர். அவர் சொன்னது எங்கள் இரண்டாம் ஆட்டம்: மக்கள் பேசி, விதி போட்டு, தாங்களே காவல் வைத்து, மீறுகிறவனுக்குச் சின்னதாகத் தண்டனை ஆரம்பித்து, நூற்றாண்டுக் கணக்காகப் பொதுவளத்தைக் காத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலைக் கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி இருந்தது. குளிர்காலத்தில் உன்னால் எத்தனை பசுவுக்குத் தீவனம் போட முடியுமோ அத்தனை பசுவைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். ஸ்பெயினில் வலென்சியாவில் வாய்க்கால் தகராறுகளை வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் விவசாயிகளே உட்கார்ந்து தீர்த்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்த ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். "நம்ம ஏரியில மதகு யாருப்பா திறப்பாங்க?"

"இப்ப யாரு திறக்கிறா? தேவைப்பட்டவன் திறக்கிறான்."

"முன்னாடி?"

"உங்க தாத்தா காலத்துல நீர்க்கட்டி ஒருத்தர் இருந்தாரு. களத்துல நெல்லு தூத்தும்போதே அவருக்கு மரக்கால்ல அளந்து தனியா வச்சிருவோம். தண்ணி கம்மியான வருஷம் அவர் சொன்னதுதான் கணக்கு. பண்ணையாரா இருந்தாலும் சும்மா இருப்பாரு."

"அப்புறம் என்னாச்சு?"

"தலைமடைக்காரங்க போர் போட்டுட்டாங்க. அவங்களுக்கு ஏரி தேவையில்லாம போச்சு. வாய்க்கால் தூர் வார வரமாட்டேன்னுட்டாங்க. நீர்க்கட்டி மகன் ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனிக்குப் போயிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "இதெல்லாமா பாடத்துல வருது?" என்றார்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்று வகுப்பில் படித்தது அந்த போனுக்குப் பிறகுதான் எனக்கு வெறும் எண்ணாக இல்லாமல் போனது.

ஒரு சனிக்கிழமை உத்திரமேரூர் போனோம். ஊர் நடுவில் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். கல்வெட்டியல் எடுத்த தைரியத்தில் நான்தான் முன்னால் போய் விரலை வைத்தேன். கால் மணி நேரத்தில் ஒரே ஒரு வரிதான் முடிந்தது, ஆனால் முடிந்தது. மீதியை மேடம் அச்சுப்பிரதியிலிருந்து வாசித்தார். முப்பது குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), ஓலைச்சீட்டு, குடம், ஒரு சிறுவனை விட்டுச் சீட்டு எடுப்பது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான். புத்தகத்தில் ஆழமாகப் படிக்காதது ஒன்று: வாரியம் என்றால் குழு; சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய உறவினரும் வர முடியாது. ஆஸ்ட்ரம் எழுதிய காவலும் தண்டனையும் எங்கள் கண்ணெதிரே கல்லில் இருந்தன.

நாங்கள் எல்லாரும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேடம் கேட்டார்: "இந்தச் சுவத்துல யாரு இல்ல?"

வாசித்ததைத் திரும்பிப் பார்த்தோம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிராமணர் ஊரின் சபை. பெண்கள் இல்லை. நிலம் இல்லாதவர் இல்லை. மதகைத் திறந்து மூடியவர் யாராக இருந்தாரோ அவர் இல்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தி மெதுவாக, "மேடம், அப்ப இது நல்ல விதியா, கெட்ட விதியா?" என்று கேட்டாள். மேடம் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

அடுத்த வாரம் பக்கத்தில் இன்னும் நீர்க்கட்டி இருக்கிற ஒரு ஏரிக்குப் போனோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு தாத்தா. கையில் நீளக் கம்பு. மதகின் திறப்பை நான் டேப்பால் அளந்தேன். முப்பதுக்கு இருபது சென்டிமீட்டர், மேலே ஒன்றரை மீட்டர் தண்ணீர். புளூயிட் மெக்கானிக்ஸில் படித்த துவாரச் சூத்திரத்தைப் போட்டு, குணகம் 0.6 என்று வைத்து, வினாடிக்கு ஏறத்தாழ 195 லிட்டர் என்று சொன்னேன். தாத்தா கேட்டுக்கொண்டார். "சரி பாப்பா. அந்தத் தண்ணிய மொதல்ல யாருக்கு விடுவ?"

எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் நிறைய இருந்தால் தலைமடையிலிருந்து, குறைந்தால் கடைமடையிலிருந்து என்றார் அவர். "கடைசில இருக்கறவன் வயித்தெரிச்சல்ல படுத்தா, ராத்திரி வந்து கரைய வெட்டுவான். அவனுக்கு மொதல்ல குடுத்துட்டா எல்லாருக்கும் கரை நிக்கும்." நான் கடைமடைக்காரன் மகள். நோட்டில் எழுத முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்தப் பாடத்தின் கஷ்டங்களையும் சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு இருபது பக்கம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், எனக்கு ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் பிடித்தது. மேடம் பேசுவதில் வேகம் அதிகம். நாலு சனிக்கிழமை போய்விடும். கேட் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். எங்களில் யாருக்கும் 'ஓ' வரவில்லை. எனக்கு 'பி பிளஸ்', சி.ஜி.பி.ஏ. கொஞ்சம் இறங்கியது. சேருவதற்கு முன் பழைய வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். 'பட்டியலிடுக, விவரிக்க' என்று மட்டும் இருந்தால் பெயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர் வகுப்பு, வெளியே கூட்டிப்போவார்களா என்று போன வருஷம் எடுத்தவர்களிடம் கேளுங்கள். "ஈஸியா?" என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும்.

கடைசிப் பரீட்சை புத்தகம் பார்த்து எழுதுவது. மூன்று மணி நேரம், ஒரே கேள்வி: உங்கள் ஊர் நீர்நிலைக்கு ஆறு பேர் கொண்ட வாரியம் அமையுங்கள், யார், ஏன்? நான் ஏழு பக்கம் எழுதினேன். நீர்க்கட்டி ஒருவர், சம்பளத்தோடு. கடைமடையில் இரண்டு பேர், அதில் ஒருவர் தன் பேரில் பட்டா இல்லாமல் பயிர் செய்யும் பெண். தலைமடையில் ஒருவர், போர் வைத்திருந்தாலும் சரி. மீன் குத்தகை எடுக்கிறவர் ஒருவர். கணக்கு எழுத ஊரிலிருந்து படித்த பிள்ளை ஒருவர். வரைபடம் போட்டு மூன்று மதகும், மிகுதி நீர் வழியும் கலங்கலும் குறித்திருந்தேன்.

தாள் திரும்பி வந்தபோது 50-க்கு 38. ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் மேடம் பென்சிலால் எழுதியிருந்தார்: "கோடையில் ஏரிக்குள் ஆடு ஓட்டுகிறவர் எங்கே?"